மூன்று சறுக்கல்கள்

கவாத்துக் கத்தியின் பிடி கிளினிக் கதவில் மறுபடியும் இடிக்கிறது. "டிரசரே, கதவத் தொறங்க லா! அது என் பொண்டாட்டி!" தாழ்ப்பாளின் ஆணி ஒன்று பிடுங்கிக்கொண்டு சிமெண்டுத் தரையில் உருள்கிறது. ரிங்லெட் டவுன் போலீஸ் இன்னும் மலையேறி வந்தபாடில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் கட்டுப்போட்டு மருந்து கொடுக்கும் தோட்டத்து டிரசர் தர்மேந்திரன், எதிரே ஆஸ்பத்திரி டாக்டர் டிஃபனி, நடுவே இருவரும் மாதாமாதம் ஒத்துப்பார்த்துக் கையெழுத்திடும் சிகிச்சை அறிக்கைகள். பெஞ்சில் காளியம்மா ஒடிந்த கையை மடியில் ஏந்தியிருக்கிறாள். அவள் உதட்டு ரத்தம் கொழுந்துக்கூடையின் வாரில் சொட்டுகிறது. டாக்டர் தன் தாளைத் தர்மேந்திரனின் தாளுக்குப் பக்கத்தில் நகர்த்துகிறார். "இவங்க வந்த போன ரெண்டு தடவையும் எங்க எக்ஸ்ரேல, அடியத் தடுக்கத் தூக்குன கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு அங்கிள். உங்க ரிப்போர்ட்ல மலையில சறுக்கி விழுந்ததுன்னு இருக்கு. இன்னிக்கும் அதையே எழுதிட்டீங்க." தர்மேந்திரனுக்குக் காது சுடுகிறது. தேயிலை மலையில் யார் கையொடிந்து வந்தாலும் அவர் பேனா தானாக எழுதுவது அது. "இந்தப் பொண்ணுதான் அப்படிச் சொல்லுச்சு டாக்டர்." ஜன்னல் கண்ணாடி நொறுங்கி உள்ளே கொட்டுகிறது. காளியம்மா தலை நிமிரவில்லை. "நான் எப்பங்க சொன்னேன்? நீங்க கேக்கவே இல்லையே." தர்மேந்திரன் அறிக்கையோடு எழுந்துபோய்க் கதவுக்கு முதுகு கொடுத்து நிற்கிறார். "இப்பக் கேக்குறேம்மா," என்று பேனாவைத் திறக்கும்போது, அடுத்த இடி பலகையைத் தாண்டி அவர் முதுகெலும்பில் இறங்குகிறது.