பெயிண்ட் காயும்வரை

காரின் புதுப் பெயிண்ட் உரிந்துவிட்டது. காவல் இருந்தவன் நான்.

ஜப்பான்காரன் காலம். வெள்ளைக்கார துரை விட்டுவிட்டு ஓடிய கறுப்புக் காரை ஜப்பான் அதிகாரி ஓட்டிப்போய் ரப்பர் மரத்தில் மோதினான். தோட்டத்துப் பட்டறையில் தேவதாஸ் தகரத்தைத் தட்டி நிமிர்த்தி, மிச்சமிருந்த ஒரே டின் பெயிண்டைப் போனட்டில் அடித்தான்.

நாலாம் நாள் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னான் அதிகாரி. பெயிண்டில் பழுது இருந்தால், காரணமானவன் மறுநாளே சயாம் ரயில் பாதை வேலைக்கு. போனவர்கள் திரும்பாத வேலை. தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி மணியம் அதை இரண்டு தடவை தமிழில் சொன்னார்.

அதிலிருந்து தேவதாஸ் தொல்லை தாங்கவில்லை. தூசி கிளம்பாமல் தரையில் தண்ணீர் தெளித்தான். எட்டிப்பார்த்தவர்களை எல்லாம் விரட்டினான். பீடி பற்றவைத்தேன் என்று என்னையும் வெளியே துரத்தினான். தோட்டத்து லாரி டிரைவர் நான், எனக்கே இந்த மரியாதை.

ரப்பர் பால் வாளியோடு போன பால்வெட்டுக்காரி பஞ்சாலை அவனைக் கேட்டாள். “என்னண்ணே, காருக்குத் தாலி கட்டப்போறியா?”

லயத்து வீட்டுச் சனமெல்லாம் சிரித்தது. நான்தான் அதிகமாகச் சிரித்தேன்.

மூன்றாம் நாள் மரவள்ளிக்கிழங்கு தேடி அவன் கோலா கிளாவாங் டவுனுக்குப் போனான். என்னைக் காவல் வைத்துவிட்டு ஒன்றுதான் சொன்னான். “எதுவும் மேல படக்கூடாது. பார்த்துக்க.”

மத்தியானம் மழை. அத்தாப்பு ஓலைக் கூரை ஒழுகி, போனட்டில் சொட்டியது. ரப்பர் ஸ்டோருக்கு ஓடினேன். ரப்பரை வாங்க ஆளில்லாத காலம். ரப்பர் ஷீட் குவிந்து கிடந்தது. எங்களுக்குக் கூரையும் அதுதான், குடையும் அதுதான், சிலருக்கு இடுப்பில் சுற்றவும் அதுதான். ஒன்றை இழுத்துவந்து போர்த்தினேன்.

மறுநாள் காலையில் வெயில் ஏறியதும் எடுத்தேன். பெயிண்டும் கூடவே வந்தது. வராத இடத்தில் வரி வரியாக அச்சு. உருளையில் போகும்போது ரப்பர் ஷீட்டில் விழுமே, அதே வரி. தோட்டத்தில் நேற்றுப் பிறந்த குழந்தைகூடச் சொல்லிவிடும், என்ன போர்த்தியது என்று. யார் என்றும்.

ஷீட்டை ஸ்டோரில் சொருகிவிட்டு வீட்டுக்குப் போனேன். வாசலில் என் மூன்று பிள்ளைகளும் விளையாடிக்கொண்டிருந்தார்கள். முகத்தைப் பார்த்து என் மனைவி மாரியம்மா என்ன ஆச்சு என்றாள்.

ஆள் விட்டுக் கூப்பிட்டார்கள். பட்டறையில் அதிகாரி நின்றிருந்தான். ஊரிலிருந்து திரும்பிவிட்ட தேவதாஸ் காருக்குப் பக்கத்தில் நின்றான்.

“காவல் இருந்தவன் நீதானே. என்னய்யா இது?” என்றார் கிராணி.

போனட்டைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. தரையைப் பார்த்தபடி சொன்னேன். “பெயிண்ட் சரியில்லைங்க. கலந்தது இவன்தான்.”

கிராணி அவன் பக்கம் திரும்பினார்.

“ஆமாங்கய்யா. மண்ணெண்ணெய் கூடிப்போச்சு” என்றான் தேவதாஸ்.

அவனுக்கு அறை விழுந்த சத்தத்தில்தான் நிமிர்ந்தேன். போனட்டில் பாதி தகரம், பாதி பெயிண்ட். வரி ஒன்றுகூட இல்லை.

மறுநாள் அவனை ஜப்பான் லாரியில் ஏற்றினார்கள். மன்னிப்புக் கேட்கத்தான் பக்கத்தில் போனேன். அவன்தான் குனிந்து பேசினான்.

“இனிமே ஒழுகினா காரைத் தள்ளி நிறுத்துலா. ஷீட்டைப் போடாத. ஒட்டிக்கும்.”

கம்பியைப் பிடித்திருந்த அவன் விரல்களைப் பார்த்தேன். நக இடுக்கெல்லாம் கறுப்புத் தூள். உப்புத்தாள் தேய்த்த தூள்.

சயாமிலிருந்து அவன் வரவில்லை. என் பிள்ளைகள் மூவரும் அப்பன் நிழலில் வளர்ந்தார்கள்.

நான் காட்டிக்கொடுப்பதற்கு முன்பே அந்த வரிகளைத் தேய்த்து அழித்திருந்தான் தேவதாஸ்.