வளைவுக்கு வளைவு இறக்கம்

காபி ஆறிப்போச்சென்று கணவன் அனியெல்லோ விட்ட அறையில் அசுந்தாவின் உதடு கிழிந்தது. ரத்தம் மேசை விரிப்பில் சொட்டியது.

அவளுடைய அண்ணன் பாஸ்குவாலே எதுவும் நடக்காதது போல வரைபடத்தை விரித்தான்.

"மாப்ள, பொசித்தானோ வழியா எங்க அமால்ஃபிக்கு வாங்க. பழைய காவல் கோபுரம், கீழ கடல், வளைவுக்கு வளைவு இறக்கம்! நான் என் வண்டில முன்னால போறேன், நீங்க பின்னாலயே வாங்க. அசுந்தா வீட்ல கிடக்கட்டும்."

"நீயெல்லாம் ஒரு அண்ணனா!" வாயிலிருந்த ரத்தத்தை அவன் காலடியில் துப்பிவிட்டு அசுந்தா வெளியேறினாள்.

அனியெல்லோ சிரித்தான். "அவளை விடு மச்சான். உன் வண்டிலயே போயிடலாம். கோடையில அந்த ரோட்டுல என்னை மாதிரி நேப்பிள்ஸ்காரன் வண்டிக்கு நம்பர் பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள்தானே விடுறாங்க? இன்னைக்கு என் நம்பருக்கு முறை இல்ல."

உள்ளூர்க்காரனுக்கு அந்தச் சட்டம் கிடையாது. அதனால் பாஸ்குவாலேவுக்கு அது நினைவுக்கே வரவில்லை.

வாசலில் இன்ஜின் உறுமியது.

"அது யாரு?"

"உன் தங்கச்சிதான். கோவம் வந்தா என் வண்டிய எடுத்துக்கிட்டு மலைமேல உங்கம்மா வீட்டுக்கு ஓடிருவா."

பாஸ்குவாலே தெருவுக்குப் பாய்ந்தான். வண்டி திருப்பத்தில் மறைந்துவிட்டது. அது நின்ற இடத்தில், விடியற்காலையில் அவன் அறுத்துவிட்ட பிரேக் குழாயிலிருந்து ஒழுகிய எண்ணெய் தேங்கிக் கிடந்தது.