புளி இல்லாத வீடு

"என்னது, புளி இல்லியா?"

சுலோசனா கேட்ட வேகத்தில், வாசலில் பேசிக்கொண்டிருந்த ஆண்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இல்ல சுலோ. தீந்துபோச்சு" என்றாள் தனக்கொடி, அடுப்பில் விறகைத் தள்ளியபடி.

சித்திரை மாதம். புதுப்புளி வந்து, எல்லா வீட்டிலும் கொட்டை எடுத்து, உப்புப் போட்டு, ஜாடியில் அடைத்து வைத்திருக்கும் நேரம். இப்போது போய் ஒரு வீட்டில் புளி இல்லை என்றால் அந்த வீட்டுக்காரியை என்ன சொல்வது? அதுவும் தனக்கொடியை! ஷிப்டு முடிந்து போகிறவர்கள் அவள் வீட்டு மீன்குழம்பு வாசனைக்கே நடையைக் குறைப்பார்கள் என்று பேர் வாங்கியவள்.

வருஷா வருஷம் சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கணவர் சாமிக்கண்ணுவோடு மில்லில் ஒரே ஷிப்டு பார்த்த இரண்டு குடும்பங்களைக் கூப்பிட்டுச் சோறு போடுவாள். மில்லை மூடி ஒன்றரை வருஷம் ஆகியும் அதை விடவில்லை. சாமிக்கண்ணு இப்போது கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் வாட்ச்மேன். சுலோசனாவின் கணவர் மின்துறையில் சேர்ந்து, கருவடிக்குப்பத்தில் வீடும் கட்டிவிட்டார்.

இன்றைக்கு மீன் சுலோசனாவின் உபயம். விடியற்காலையிலேயே தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்துக்குப் போய், ஏலம் விட்ட இடத்திலேயே வாங்கிய சங்கரா. அந்தப் பெருமை அவள் நடையிலேயே தெரிந்தது.

இன்னொரு குடும்பம்தான் வந்து சேரவில்லை.

"வீராயிகிட்ட மாங்கா கேட்டிருக்கேன். அவங்க வூட்டு மாங்கா இருந்தா புளியே வேணாம்."

"வீராயியா? அவ எங்கக்கா வரப்போறா? கோவிந்தராசு அண்ணனுக்கு இன்னும் ஒரு வேலை அமையல. மில்லு மூடினதுலருந்து அவ யாரு வூட்லயும் கை நனைக்கறதில்ல. போன வருசமும் நீ கூப்பிட்ட. தலவலின்னு சொல்லிட்டா."

"வருவா."

மணி பன்னிரண்டரை ஆனது. வெங்காயம் வதங்கி, மிளகாய்த்தூள் கொதித்து, மணம் தெருக்கோடிக்குப் போய்விட்டது. கழுவிய மீன் சட்டியில் காத்திருந்தது. குழந்தைகள் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போயின.

சுலோசனாவுக்குப் பொறுக்கவில்லை. "பக்கத்து வூட்ல ஒரு உருண்டை புளி வாங்கியாறேன்."

"வேணாம்."

"கடையில மாங்காயாவது வாங்கியாறேன்."

"கடை மாங்கா எனக்கு ஆவாது."

"அக்கா, இது வீண் பிடிவாதம். என் மீனு கெட்டுப்போவுது. புளி வாங்கி வைக்கத் துப்பில்ல, வரமாட்டான்னு தெரிஞ்ச ஆள நம்பி அடுப்ப மூட்டியிருக்க. நானா இருந்தா வெக்கத்துலயே செத்திருப்பேன்."

தனக்கொடியின் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சமையல் விஷயத்தில் மாமியாரிடமே ஒரு சொல் வாங்காதவள். சுருக்கென்று ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்புறம் விழுங்கிக்கொண்டு, கரண்டியும் கையுமாக வாசலைப் பார்த்தாள்.

"வாம்மா வீராயி! வாய்யா கோவிந்தராசு!"

சாமிக்கண்ணுவின் குரல் கேட்டதும் தனக்கொடிக்கு மூச்சு வந்தது.

வீராயி முந்தானையில் மாங்காய் முடிச்சோடு நேராக அடுப்படிக்கே வந்தாள். முகமெல்லாம் வியர்வை.

"நெஜமாவே புளி இல்லியாக்கா? நான் வரலன்னா இன்னிக்கு குழம்பே கெடையாதுன்னு சொல்லி அனுப்பிச்சியாமே! பாதி வழி வந்துட்டு, வேணாம்னு திரும்பிட்டோம். இவருதான், இத்தினி பேரு நம்மால பட்டினி கெடக்கணுமான்னு கேட்டாரு."

"இல்லடி, ஜாடியக் கழுவிக் கவுத்துட்டேன். பேசாம அரி, சீக்கிரம்!"

அடுத்த அரை மணியில் பந்தி போட்டாயிற்று. குழம்பை நானே ஊற்றுவேன் என்று வீராயி கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

"எங்க வூட்டு மரம்ணே. விக்கப் போனா ஒருத்தரும் சீந்த மாட்டாங்க, அவ்வளவு புளிப்பு. ஆனா மீன்குழம்புல போட்டுட்டா அதுக்கு ஈடே இல்ல. இன்னும் ஒரு கரண்டி?"

"மெர்சி மதாம்!" என்று இலையைக் காட்டினார் சாமிக்கண்ணு. பிரெஞ்சுக்காரன் காலத்து மில்லில், நன்றி சொல்ல அவர் கற்ற மரியாதை அது ஒன்றுதான். பந்தியே சிரித்தது. ஒன்றரை வருஷமாகத் தலையைக் குனிந்தே நடந்த கோவிந்தராசு, "எம் பொண்டாட்டி கையி தாராளம், கேட்டு வாங்கிக்குங்க" என்று எதிர்வரிசைக்குக் குரல் கொடுத்தார்.

குழம்பு அமிர்தமாக இருந்ததை சுலோசனாவாலும் மறுக்க முடியவில்லை. ஆண்கள் எழுந்தபின் பெண்களுக்கு இலை போட்டார்கள். மோருக்கு உப்பு எடுக்க சுலோசனா உள்ளே போனாள். அலமாரியில் கைக்கு எட்டிய ஜாடியைத் திறந்தாள்.

உப்பு இல்லை. கழுத்துவரை புதுப்புளி. கொட்டை எடுத்து, நார் எடுத்து, ஒரு வருஷத்துக்குக் காணும் புளி.

"அக்கா... இது?"

பின்னாலேயே வந்த தனக்கொடி, ஜாடியை வாங்கி அழுத்தி மூடினாள்.

"சாப்பிட வான்னா அவ வரமாட்டா சுலோ. அவ இல்லாம ஆவாதுன்னாதான் வருவா."

சுலோசனா உப்பை எடுத்துக்கொண்டு போய், வீராயியின் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள்.

"நல்ல வேளை, நீ வந்த வீராயி" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "இந்த வூட்ல மருந்துக்குக்கூடப் புளி இல்ல. இப்பத்தான் நானே பாத்துட்டு வர்றேன்."