இரு தரப்பு

தென்காசியில் வக்கீலாக இருந்த பொற்கொடிக்குச் சிங்கப்பூரில் ஒரு சமரச மன்றத்தில் நடுவர் வேலை கிடைத்தது. நடுவராக வருகிறவர்கள் சொந்தபந்தப் பாசத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிடக் கூடாது என்று, சேருமுன் மூளையில் ஒரு சின்னச் சிகிச்சை செய்தார்கள். வலியே இல்லை. அவளுடைய தீர்ப்புகள் பெயர் வாங்கின. சீக்கிரமே தலைமை நடுவரானாள்.

ஒரு மாலை அம்மா அழைத்தாள். பின்னால் மழைச் சத்தம் கேட்டது.

"ஒன் தம்பி என்னைய வீட்ட விட்டு வெளிய தள்ளிட்டாம்மா. பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருக்கேன். நீ அவங்கிட்ட ஒரு வார்த்த சொல்லு."

பொற்கொடி முழுவதையும் கேட்டாள். பிறகு தம்பியை அழைத்து, அதே பொறுமையோடு அவன் சொன்னதையும் கேட்டாள். வீடு அவன் பெயரில் இருந்தது. பொற்கொடியை வெளிநாட்டுக்கு அனுப்பப் பணம் புரட்டித் தந்தானென்று அம்மாவே எழுதிக் கொடுத்தது.

நெஞ்சில் ஏதாவது உறுத்துகிறதா என்று பொற்கொடி பார்த்தாள். ஒன்றும் உறுத்தவில்லை. அம்மாவை மறுபடி அழைத்தாள்.

"அவன் பக்கந்தாம்மா நியாயம் இருக்கு."



"நான் ஒன்னப் பெத்தவடி."

"தெரியும்மா. அதனாலதான் அவன் சொன்னத ரெண்டு தடவ கேட்டேன்."