ஜன்னல் ஏறிக் குதித்த சமையல்காரர்

இன்ஸ்பெக்டர் ஒத்தாவியோ அன்று ட்யூட்டியில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம், மிலான் நகரத்தில் மேசை கிடைப்பதே குதிரைக்கொம்பான எர்மானோவின் உணவகத்தில், மனைவியோடும் மாமியாரோடும் உட்கார்ந்து பாஸ்தாவை முள்கரண்டியில் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மாமியார் போலோனியாக்காரி. பாஸ்தாவுக்கு ஊற்றும் இறைச்சிக் குழம்பு தங்கள் ஊரில்தான் பிறந்தது, மற்ற ஊர்க்காரர்களுக்கு அது ஏழு ஜென்மத்துக்கும் கைவராது என்பது அந்த அம்மாளின் கட்சி. அப்பேர்ப்பட்டவரே ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "பரவாயில்லை, இவனுக்குக் கொஞ்சம் விஷயம் தெரிஞ்சிருக்கு" என்று இரண்டாவது தட்டுக்குச் சொல்லியிருந்தார். இருபது வருட மணவாழ்க்கையில் ஒத்தாவியோ இப்படி ஒரு நிம்மதியான ஞாயிற்றுக்கிழமையைப் பார்த்ததில்லை.

யார் கண் பட்டதோ!

"என் மோதிரம்! ஐயோ, என் மரகத மோதிரம்!"

மூன்றாம் மேசையில் ஆலை முதலாளியின் மனைவி கொர்னேலியா எழுந்து நின்று அலறினாள்.

"கை கழுவுற தொட்டி ஓரத்துல கழட்டி வெச்சேன். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. போய்ப் பாத்தா காணோம்!"

ஒத்தாவியோ பெருமூச்சு விட்டு வாயைத் துடைத்துக்கொண்டார். வாசல் கதவைச் சாத்தச் சொன்னார். யாரும் வெளியே போகக் கூடாது என்றதற்கு ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இனிப்பும் காபியும் ஆகாமல் எவரும் எழுந்திருக்கப் போவதும் இல்லை.

கை கழுவும் இடத்துக்கு அடுத்த கதவு, உணவகத்தின் பின்னறை. எர்மானோவைத் தவிர யாரும் அதில் கால் வைக்கக் கூடாது. குழம்புக்குக் கடைசிப் பக்குவம் நடப்பது அங்கேதான், அது நாலு தலைமுறை ரகசியம் என்று ஊரே சொல்லும். ஒத்தாவியோ அவரைச் சமையலறை ஓரமாக அழைத்தார்.

"தப்பா நினைக்காதீங்க. கால் மணி நேரம் முன்னாடி எங்கே இருந்தீங்க?"

"வேற எங்கே சார்? பின்னறையிலதான். கூட்டம் ஜாஸ்தி, குழம்பு தீர்ந்துபோச்சு. தாழ் போட்டுக்கிட்டுப் பக்குவம் பண்ணிட்டிருந்தேன்."

பக்கத்தில் நின்ற உதவிச் சமையல்காரி நிவெஸ் தொண்டையைக் கனைத்தாள்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். குப்பை கொட்டப் போனப்ப என் கண்ணால பாத்தேன் சார். இவரு ஜன்னல் ஏறிக் குதிச்சாரு. கோட்டுக் காலரைத் தூக்கி மூஞ்சியை மறைச்சுக்கிட்டு ஒரே ஓட்டம்!"

எர்மானோவுக்குப் பேயறைந்தது போல ஆகிவிட்டது. அறுபது வயது, அந்தத் தொந்தி. அந்த ஜன்னலில் அவர் எப்படி நுழைந்தார் என்பதே தனி வழக்கு.

"நிவெஸ்! உன்னை என் கூடப் பொறந்தவளாட்டம் நெனச்சேனேம்மா!"

"கூடப் பொறந்தவளா இருந்தா அந்தப் பக்குவத்தைச் சொல்லிக் கொடுத்திருப்பீங்க. பதினோரு வருஷமா வெங்காயம் நறுக்கியே என் கண்ணு போச்சு."

ஒத்தாவியோ மனசுக்குள் கணக்குப் போட்டார். இந்த மனிதர் ஜெயிலுக்குப் போனால் கடை மூடப்படும். கடை மூடினால் மாமியாரின் வாய் திறக்கும். ஆனாலும் கடமை என்று ஒன்று இருக்கிறதே!

"எங்கே போனீங்க?"

எர்மானோ தரையைப் பார்த்தார்.

"வெளியில யார்கிட்டக் கொடுத்தீங்க?"

எர்மானோ கோட்டுக் காலரை இழுத்து விட்டுக்கொண்டார்.

"சரி, நீங்க சொல்ல வேண்டாம். இந்தத் தெருவுல கடைக்குக் கடை கேமரா இருக்கு. ஒவ்வொண்ணா ஓட்டிப் பாத்தா, எங்கே நுழைஞ்சீங்க, யாரைப் பாத்தீங்கன்னு தானா தெரிஞ்சுட்டுப் போகுது."

"ஐயோ, கேமரா வேண்டாம் சார்!" எர்மானோ அவர் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் முட்டியது. "நான்தான் எடுத்தேன். புத்தி கெட்டுப்போச்சு. எழுதிக் கொடுங்க, எங்கே வேணாலும் கையெழுத்துப் போடறேன்."

"மோதிரம் எங்கே?"

"கால்வாயில போட்டுட்டேன்."

"கால்வாய் இங்கேருந்து அரை மணி நேர நடையாச்சே?"

"வேகமா ஓடினேன் சார்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது போல வாக்குமூலம் வந்தும் ஒத்தாவியோவுக்கு மனசே இல்லை. வண்டி அனுப்பச் சொல்லி ஸ்டேஷனுக்குப் பேசப் போன நேரத்தில், கொர்னேலியாவின் கைபேசி அடித்தது. மறுமுனையில் கணவர். அவர் குரல் நாலு மேசைக்குக் கேட்டது.

"கொர்னேலியா! மோதிரத்தை நம்ம வீட்டுக் குளியலறைத் தொட்டி ஓரத்துல வெச்சுட்டே போயிட்டியே! உனக்கு எத்தனை தடவை சொல்றது?"

கொர்னேலியா ஒன்றும் நடக்காதவள் போல உட்கார்ந்து, இனிப்பு வகையில் இன்று என்ன இருக்கிறது என்று கேட்டாள்.

ஒத்தாவியோவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது. எர்மானோவைத் தோளைப் பிடித்து ஒரு மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"மனுஷனா நீங்க? திருடவே இல்லையே, அப்புறம் எதுக்கு ஒத்துக்கிட்டீங்க?"

"திருட்டுக் கேஸே இருந்துட்டுப் போகட்டும் சார். ரெண்டு வருஷத்துல வெளியில வந்துடுவேன். நான் போன இடம் தெரிஞ்சா இந்த நாட்டுல எவனும் என் மூஞ்சியில முழிக்க மாட்டான்."

"இப்ப சொல்றீங்களா, இல்லே கேமராவை ஓட்டட்டுமா?"

எர்மானோ சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒத்தாவியோவின் காதுக்குள் சொன்னார்:

"எதிர்த்த சூப்பர் மார்க்கெட்லதான் சார் நின்னேன், இன்னைக்கு இறைச்சிக் குழம்பு பாட்டில் ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசம்னு போட்டுட்டான், வரிசை நகரவே இல்லை."