வாளி மேல் ஒரு கண்

நியூயார்க்கில் இத்தாலிய உணவு, ஒயின் திருவிழா. வந்த வியாபாரிகள் எல்லாரும் ஒயினை வாயில் சுழற்றிப் பார்த்துவிட்டு, மேஜையோர வாளியில் துப்பிக்கொண்டிருந்தார்கள். ஒயின் ஸ்டால் போட்டிருந்த எட்டோரேயின் கண் அந்த வாளியை விட்டு அகலவில்லை.

"என்னய்யா, நெருப்பு மேல நிக்கிற மாதிரி நிக்கிற?" என்றான் பக்கத்து ஸ்டாலில் சீஸ் வெட்டிக்கொண்டிருந்த ரென்சோ. "துப்புனா புடிக்கலைன்னு அர்த்தமில்லப்பா. எல்லாத்தையும் முழுங்குனா சாயங்காலம் ஆளைத் தூக்கிட்டுத்தான் போகணும்!"

"தெரியும்டா."

அதற்குள் பெரிய ஓட்டல்களுக்குக் கொள்முதல் செய்யும் ஓர் அம்மாள் வந்துவிட்டாள். ருசி பார்த்துத் துப்பியவள், எட்டோரேயின் மனைவி நீவெஸிடம் திரும்பினாள்.

"இதைத் தயாரிச்சது நீங்கதானே? என்கூட ஒரு வாய் பாருங்க. தன் சரக்கைத் தானே தொடாதவங்ககிட்ட நான் வாங்கறதில்ல."

"அவளுக்குத் தொண்டை சரியில்ல மேடம், நான் பாக்கறேனே..." எட்டோரே பதறினான்.

"பரவால்ல," என்று நீவெஸ் கோப்பையை எடுத்தாள். ஒரு வாய் உறிஞ்சிக் கண்ணை மூடிக்கொண்டாள். மூடியவள் திறக்கவேயில்லை. எட்டோரே வாளியை அவள் பக்கம் நகர்த்தினான்.

மெல்லக் குனிந்து வாளியில் துப்பினாள்.

"இருநூறு பெட்டி அனுப்புங்க," என்றாள் அம்மாள்.

ரென்சோ ஓடிவந்து கட்டிக்கொண்டான். "அடிச்சுட்டய்யா! இதுக்கா இவ்ளோ பயந்தே?"

எட்டோரே காதில் எதுவும் விழவில்லை. மனைவியின் கையைப் பற்றியிருந்தான்.

"ஒரு சொட்டுகூட உள்ள போகல," என்றாள் நீவெஸ்.

குடியை விடுவதற்கு வைத்தியம் செய்துகொண்டு வீடு திரும்பிய பின், அவள் நாக்கில் பட்ட முதல் ஒயின் அது.