அவன் சாகக் கூடாது

"தூங்கவே விடாம நிக்க வச்சிருக்கானுங்க, பாவிங்க!"

மார்லீன் ப்ரூயிட் மேசையில் ஓங்கிக் குத்தியதில் தக்காளி சூப் கிண்ணம் துள்ளியது. வாஷிங்டன் நீதிமன்றத்தின் கீழ்த்தளக் கேன்டீனில் மதிய நேரத்தில் உட்கார இடம் கிடைப்பதே பெரும்பாடு. அவள் எதிரே இடம் பிடித்திருந்த அந்நியர் வாயருகே கொண்டுபோன சாண்ட்விச்சோடு அப்படியே நிமிர்ந்தார்.

அவர் பெயர் வெர்னன் டட்டில். லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். வேறு ஏதோ வழக்குக்கு ஜூரியாக வரச் சொல்லி, காலையிலிருந்து காக்க வைத்திருந்தார்கள். 'ராணுவ வீரனின் அப்பா' என்று தொப்பியில் பெருமையாகத் தைத்திருந்தது.

"யாரைம்மா நிக்க வச்சாங்க?"

"ஹம்தானை. பிடிச்சுட்டுப் போன புதுசுல. நிக்க வச்சது பத்தாதுன்னு, மூஞ்சில துணியைப் போட்டு மூச்சுமுட்டத் தண்ணி ஊத்தியிருக்கானுங்க. யார் செஞ்சது, யார் செய்யச் சொன்னதுன்னு கேட்டா, இந்தா, லட்சணத்தைப் பாருங்க!"

காகிதக் கட்டை அவர் பக்கம் தள்ளினாள். உச்சியில் 'ரகசியம் நீக்கப்பட்டது' என்று முத்திரை. அதற்குக் கீழே ஒரு வரி தெரிந்தால் ஒன்பது வரியைக் கறுப்பு மை பூசி மறைத்திருந்தது. அரசாங்கத்துக்கு எதற்குப் பஞ்சம் வந்தாலும் கறுப்பு மைக்கு மட்டும் பஞ்சம் வராது போலிருக்கிறது.

அந்தக் கறுப்பை எடுக்கச் சொல்லி அவள் போட்ட மனு அன்று காலையும் தள்ளிப் போயிருந்தது. ஆத்திரம் தாங்காமல் ஒரு தாளை உருவி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். நகலெடுத்த தாளில் என்ன தெரியும்? தூக்கிப் போட்டாள்.

வெர்னன் சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தார்.

"ஹம்தான்னா... ஹோட்டல்ல குண்டு வச்சு நம்ம பசங்களைக் கொன்னானே, அந்தப் பயலா?"

"அவனேதான்."

"நல்லாயிருக்கே! குண்டு வச்சவனைப் பின்ன தாலாட்டுப் பாடியா தூங்க வைப்பாங்க? அவனுக்குப் போய் வக்காலத்து வாங்கறீங்களேம்மா!"

"அவன் வைக்கலைன்னு நான் எப்பச் சொன்னேன்?" மார்லீன் குரல் கீச்சிட்டது. "அடிச்சு வாங்கின வாக்குமூலம் செல்லாதுன்னுட்டார் ஜட்ஜ். அவனை என்னென்ன செஞ்சீங்க, முழுசாக் காட்டுங்க, அப்புறம்தான் வழக்குங்கறார். இவங்க காட்டவும் மாட்டாங்க, வழக்கை நடத்தவும் மாட்டாங்க. வாய்தா, வாய்தா, எப்பப் பாத்தாலும் வாய்தா! அடிச்சது அவங்க, கிடந்து அல்லாடறது நாங்க."

அந்த 'நாங்க' வெர்னனுக்கு உறுத்தியது. கண்ணை இடுக்கிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

அவள் கவனிக்கவில்லை. கொட்ட ஆரம்பித்தவளுக்கு நிறுத்தத் தெரியவில்லை.

"போன மாசம் அவனுக்கு நெஞ்சுவலி. மாத்திரை ஒழுங்காக் குடுக்கறீங்களான்னு ஃபோன் போட்டுக் கேட்டா, அதுவும் ரகசியமாம்! ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுல அவனுக்காக முழங்கால் போடறேன். ஆண்டவரே, கோர்ட்டு தீர்ப்பு சொல்ற நாள் வர்றவரைக்கும் அவனும் சாகக் கூடாது, நானும் சாகக் கூடாதுன்னு. அன்னிக்குப் போட்டுக்கன்னு ஒரு நீலக் கவுன் தச்சு வச்சேன். தச்சப்போ பிடிச்ச பிடியா இருந்துச்சு. இப்பத் தோள்ல நிக்க மாட்டேங்குது."

"அவனை நேர்ல பாத்திருக்கியா?" மரியாதை ஒரு படி இறங்கியிருந்தது.

"பாக்காம? விசாரணைன்னு சொல்லிட்டாப் போதும், அவனை வச்சிருக்கற குவான்டனாமோ ஜெயிலுக்குக் கிளம்பிடுவேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவன். வரும்போது கன்னங்கரேல்னு இருந்த தாடி, இப்ப ஒரு முடி கறுப்பில்ல."

"அவ்வளவு தூரம் போக யார் செலவு?"

"அரசாங்கம்தான். விமானம், தங்கற இடம், சாப்பாடு எல்லாம் அவங்க பொறுப்பு. கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போகத் துணைக்கு ஓர் ஆளும் அனுப்பறாங்க."

"என் வரிப்பணத்துலயா!"

வெர்னன் எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. பக்கத்து மேசைகளில் பேச்சு நின்று, எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"என் பையன் எங்கேயோ பாலைவனத்துல உசிரைக் கையில பிடிச்சுட்டுக் காவல் நிக்கறான். அவனை மாதிரிப் பசங்களைக் கொன்னவனுக்கு நெஞ்சு வலிச்சா உனக்கு உருகுது! வெக்கமா இல்ல? அவன் ஆயுசுக்கு வேண்டிக்கிறியே, யாரு அவன் உனக்கு? மருமகனா? தத்தெடுத்து வளத்த பிள்ளையா?"

மார்லீன் இறைந்து கிடந்த தாள்களைப் பொறுக்கி அடுக்கினாள். அவற்றைப் பைக்குள் வைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"என் ஒரே பிள்ளையைக் கொன்னவன்."